லாரிக்காரர்கள் நிரப்பிய கூடம்

நாமக்கல்லுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறிய அறக்கட்டளை ஒன்று அதை நடத்துகிறது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து நான் அதன் பொறுப்பாளராக வந்து சேர்ந்தபோது உள்ளே ஒரு முதுமக்கள் தாழி, உடைந்த பானை ஓடுகள், சில பழங்காசுகள், பாடம் செய்த ஒரு முதலை ஆகியவை இருந்தன. வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள்தான் எங்கள் பார்வையாளர்கள். முதலையைப் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

ஒரு நாள் அறக்கட்டளைச் செயலாளர் வந்தார். கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வர்ற சித்திரைக்கு மேல எங்களால ஓட்ட முடியாதுங்க. ஊருக்குள்ள யாராச்சும் கை குடுத்தாங்கன்னா நடத்தலாம். இல்லீன்னா பூட்டறதுதான்."

யாரிடமும் போய்க் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் மறுநாளே, லாரிக்குப் பாடி கட்டும் பெரிய பட்டறை ஒன்றுக்குப் போனேன். வெல்டிங் பொறி பறக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில் முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாஞ் செரிங்க அம்மணி. அங்க நம்மளுது என்னங்க இருக்குது?"

"ஒன்றும் இல்லைங்க," என்றேன். அப்படிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

"அப்ப ஏதாச்சும் வெச்சுப்போட்டு வாங்க. பேசலாம்."

இந்த ஊரில் லாரியோடு சம்பந்தமில்லாத வீடு குறைவு. கட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள், டயர் விற்கிறவர்கள், டிரைவருக்காகக் காத்திருக்கிறவர்கள் என்று எல்லோரும் எங்கள் கதவைத் தாண்டித்தான் தினமும் போய்வந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பொருள்கூட எங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இல்லை. அதனால் லாரி வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவு செய்தேன். வண்டியில் கூடவே போய்வந்த பொருள்களை வீட்டுக்காரர்களிடமே கேட்டு வாங்குவது என் திட்டம்.

வீடு வீடாகப் போனதில் முதல் வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் விசாரிக்க வந்தவள் என்று சிலர் நினைத்தார்கள். பைனான்ஸ் ஆள் என்று நினைத்த ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. வாடிப்போய், வழியில் இருந்த டயர் கடை ஒன்றில் தண்ணீர் கேட்டேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"உங்க எடத்துக்கு வரச் சொன்னா வரமாட்டாங்கம்மா. நீங்க தேடிப் போனாலும் பயப்படுவாங்க. என் கடைக்கு எப்படியும் வருவாங்க. இங்கயே கொண்டுவந்து குடுக்கச் சொல்றேன். நான் பொறுப்பு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் கடையின் பின்னறை நிரம்பத் தொடங்கியது. தார்ப்பாய் தைக்கும் பெரிய ஊசி, முகம் பார்த்துப் பார்த்து ரசம் போன கண்ணாடி, கண்ணாடிக் காகிதம் ஒட்டிய குடும்பப் படங்கள், இந்தியில் 'தண்ணீர் எங்கே', 'ரோடு சரியா' என்பதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த அட்டை என்று வந்துகொண்டே இருந்தன.

ஒரு நாள் நான் பாய் கடையில் இருந்தபோது எடப்பாடியிலிருந்து ஒரு பெண் மஞ்சள் பையோடு வந்தார். வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். கணவர் நெடுநாள் வடக்கே லாரி ஓட்டி, மாரடைப்பில் இறந்துபோனவர். பையிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை எடுத்து வைத்தார். அடியெல்லாம் கரி.

"வெளக்கிராதீங்க அம்மணி. அவரு கூடவே எங்கெங்கியோ போயிட்டு வந்த கரிங்க அது."

"தொட மாட்டேங்க," என்றேன்.

பொருள்களின் படங்களை எடுத்துக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனேன். முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தார்ப்பாய் ஊசியின் படத்தில் வெகுநேரம் நின்றார். அவருடைய அப்பாவும் டிரைவராக இருந்தவர் என்று அப்போதுதான் சொன்னார். பொருள் வைக்கத் தேவையான இரும்புத் தாங்கிகளை எல்லாம் பட்டறையிலேயே அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "வாசல்ல நம்ம பட்டறை போர்டு நல்லாப் பெருசா இருக்கோணுங்க." அது எனக்கு உறுத்தியது. ஆனாலும் தலையாட்டினேன்.

"வெளம்பரத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

"நோட்டீஸ் அடிக்கலாம்னு இருக்கேங்க."

"நோட்டீசு எதுக்குங்க? நம்மகிட்ட இருக்கறதே போதுமே," என்று சொல்லி, வெளியே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். வண்டிக்காரர்களின் சம்மதத்தோடு, பட்டறையிலிருந்து புறப்பட்ட லாரிகளின் பின்புறத்தில் 'ஒலி எழுப்பவும்' என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்ந்தது: 'எங்க கதை அருங்காட்சியகத்தில் இருக்கு, வந்து பாருங்க.'

நாக்பூர்ப் பக்கம் டோல்கேட்டில் நின்றிருந்த யாரோ ஒரு தமிழர் அதைப் படித்துவிட்டு, எங்கெங்கோ விசாரித்து எங்களுக்குப் போன் செய்தார். "முன்னாடி நிக்கிற லாரியில போட்டிருக்குங்க. நெசமாத்தானா?" என்றார். நெசம்தான் என்று சொல்லி, ஊருக்கு வரும்போது அவசியம் வந்து பார்க்கச் சொன்னேன்.

திறப்பு நாளன்று அவ்வளவு கூட்டத்தை எங்கள் கட்டடம் கண்டதில்லை. டிரைவர்கள் குளித்து, திருநீறு பூசி, வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விசேஷ வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். பாய் வீட்டிலிருந்து பெரிய பாத்திரத்தில் சர்பத் வந்தது. எடப்பாடிப் பெண்ணும் வந்திருந்தார். தன் ஸ்டவ்வுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

மோகனூரிலிருந்து வந்த வயதான டிரைவர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். குனிந்து, பம்பில் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்த பெரிய நட்டைப் பார்த்தார்.

"இந்தப் பம்புக்கு நட்டு போட்டது நானுங்க," என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்தார். "நீங்களா? எங்கூட்டுக்காரரத் தெரியுமுங்களா?"

"நாசிக் போற வழியில மழை பேஞ்சு மலை சரிஞ்சு போச்சுங்க. வண்டியெல்லாம் வரிசையா நின்னுபோச்சு. ஒருத்தர்கிட்டயும் சோறில்ல. இதுல பம்பு ஒடஞ்சு கெடந்துது, நான் நட்டு போட்டுக் குடுத்தேன். அவருதான் எல்லாருக்கும் ஆக்கிப் போட்டாருங்க. பின்னாடி நின்ன சர்தாருக்குங்கூட. ரசம் வெச்சாரு பாருங்க, அப்பிடியொரு ரசம்."

"எங்கூட்டுக்காரரா? அவருக்கு ஊட்டுல சுடுதண்ணி வெக்கத் தெரியாதுங்களே!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு நாளு சொன்னதில்லீங்க, திருட்டு மனுசன்," என்றார். டிரைவரோடு வந்திருந்த அவர் மனைவி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு அந்த டிரைவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். கணவர் வழியில் பாடிக்கொண்டு ஓட்டுவது, எந்த ஊரில் நின்றாலும் மகளுக்கு வளையல் தேடுவது என்று அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண், "ஆமாங்களா, ஆமாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பட்டறை முதலாளி கொஞ்சம் தள்ளி நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"போர்டுல பொருள் குடுத்தவிய பேரெல்லாம் மொதல்ல வரட்டுங்க. நம்மளுது அடியில சின்னதா இருந்தாப் போதும்."

அடுத்த வாரமே தெரிந்த லாரிக்காரர்களைக் கூட்டி, கட்டடத்தின் வாடகையைத் தாங்கள் பகிர்ந்துகொள்வதாகச் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் என்னை அழைத்து, "பூட்டற பேச்சே இனி இல்லீங்கம்மா," என்றார். அன்று மாலை கூடத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் பேர் தெரியாமல் வந்த எனக்கு இத்தனை பேர் தங்கள் வீட்டுப் பொருளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம், கண்காட்சியின் படங்களைக் கொடுக்க எடப்பாடிக்குப் போனேன். தறிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. வாசலில் நின்று கூப்பிட்டது உள்ளே கேட்கவில்லை. கையை ஆட்டினேன். பார்த்துவிட்டார். தறியை நிறுத்தினால் அன்றைய கூலி குறையும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சைகை செய்தேன். அவர் கேட்கவில்லை. இரண்டு தறிகளையும் அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. இன்னைக்கு எங்க ஊட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."