பெரியவளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பணிமனையில் பேசிக்கொள்வார்கள். கொட்டுகிற மழையிலும் மேம்பால வளைவில் வண்டியை அலுங்காமல் திருப்பிவிடுவாள். ஆனால் அவள் பிள்ளைகள் இருவரில் சின்னவனுக்கு முதல்முறை வலிப்பு வந்த நாளிலிருந்து, ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் அவளுக்குப் பயம்தான். மாத்திரையால் கட்டுக்குள் இருந்தது என்றாலும் எப்போதாவது, பெரும்பாலும் தூக்கத்தில், வந்துவிடும்.

அந்த வருஷம் அவன் வகுப்பே ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்கப் போனது. பள்ளிக்கூடத்தில் அவனை மட்டும் நாசூக்காகக் கழற்றிவிட்டார்கள். அவன் அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தபடி, "நாமளே போலாமாம்மா?" என்று கேட்டான். யோசிப்பதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது. "போலாம்டா."

அவள் கணவன் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். இருட்டோடு வேலைக்குக் கிளம்புகிறவன். கேட்டதும் தாம்தூம் என்று குதித்தான்.

"வீட்டுலயே படாத பாடு படறோம். காட்டுல போய் எதுக்கு இந்த விஷப்பரீட்சை?"

"டாக்டர் போலாம்னுட்டார். மாத்திரை தவறக்கூடாது, நல்லாத் தூங்கணும், தண்ணிப் பக்கம் தனியா விடக்கூடாது. அவ்வளவுதான்."

"டாக்டரா பக்கத்துல வந்து படுக்கப் போறார்?"

 ஆனாலும் விடுமுறை நாளன்று அவள் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு டென்ட் சாமான் விற்கும் கடைக்குப் போனாள்.

மாடித் தளம் முழுக்க டென்ட்டுகளை விரித்து நிறுத்தியிருந்தார்கள். சின்னவன் ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் முளைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நிறமும் கண்ணில் படவில்லை, அழகும் கண்ணில் படவில்லை. ராத்திரியில் அவனுக்கு வந்துவிட்டால் இந்தச் சாமான் உதவுமா, உபத்திரவமா என்ற ஒரே கேள்வியோடு ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

விற்பனையாளர் ஒரு ஸ்லீப்பிங் பேக்கை உதறி விரித்தார். கால் பக்கம் குறுகி, தலைக்குத் தொப்பி வைத்தது. "உடம்போட ஒட்டிக்கும் மேடம். காது வரைக்கும் மூடிக்கலாம். குளிர் கிட்டவே வராது."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே படுத்து அதற்குள் புகுந்துகொண்டாள். கழுத்து வரை ஜிப்பை ஏற்றினாள். இறக்கும்போது உள்துணி கடித்துக்கொண்டது. இழுத்தாள், அசையவில்லை. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக் கிடந்தன. தலைக்கு மேல் விளக்கு எரிகிறது, சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள், எல்லாம் தெரிகிறது. ஆனாலும் மூச்சு முட்டியது. அந்தச் சாக்குக்குள் வெட்டி வெட்டி இழுப்பது சின்னவன் என்று தோன்றிவிட்டது.

"எடு... எடுடி!"

பதின்மூன்று வயதுப் பெரியவள் பதறாமல் மண்டியிட்டு, மாட்டிய துணியை ஓரமாக நகர்த்தி ஜிப்பை இறக்கினாள். "ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமில்ல. மெதுவா மூச்சு விடு." தம்பிக்குச் சொல்கிற அதே குரல்.

"இது வேணாம்" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். அதன்பிறகு மளமளவென்று எடுத்தாள். பாய் போல முழுசாகத் திறந்துகொள்கிற அகலமான ஸ்லீப்பிங் பேக். இரண்டு பக்கமும் வாசல் வைத்த டென்ட். இரண்டு கையும் வேலைக்கு இருக்கவேண்டும் என்று நெற்றியில் மாட்டும் விளக்கு. மூக்கை அழுத்தாத தட்டையான விரிப்பு. கொதிக்கிற எதுவும் அவன் பக்கத்தில் வேண்டாம் என்று அடுப்பை மட்டும் ஒதுக்கிவிட்டாள்.

விற்பனையாளர் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கேட்டார்: "பாப்பாவுக்கு எதுவும் எடுக்கலையே?"

அவள் திருதிருவென்று விழித்தாள். உண்மையிலேயே மறந்துபோயிருந்தாள்.

"எனக்கு எதுக்கு?" என்றாள் பெரியவள், சாதாரணமாக. "நான் எப்படியும் அவன் பக்கத்துல முழிச்சிட்டுத்தானே இருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே அறை. சின்னவன் புரண்டால் முதலில் எழுவது இவள்தான். வகுப்பில் தூங்கிவழிகிறாள் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னபோது, ராத்திரியில் போன் பார்ப்பதுதான் காரணம் என்று அதைப் பிடுங்கி வைத்துத் திட்டித் தீர்த்தது அம்மாவுக்கு நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போய் உனக்குப் பிடிச்சதை எடு."

"வேணாம்மா."

"எடுன்னு சொல்றேன்ல. டென்ட்டும் உனக்குத் தனி."

பெரியவள் தயங்கித் தயங்கிப் போய், அம்மா மாட்டிக்கொண்ட அதே ஸ்லீப்பிங் பேக்கைத் தொட்டுப் பார்த்தாள். "இது நிஜமாவே காதை மூடுமா?"

வீட்டில் அன்று சண்டை வலுத்தது. "பெரியவ பக்கத்துல இல்லாம எப்படி?" என்றான் கணவன்.

"அவளும் குழந்தைதான்."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நான் இருட்டுல வேலைக்குப் போறதே அவ இருக்கான்ற தைரியத்துலதான்."

"நானும்தான்" என்றாள்.

ஏரிக்கரையில் அவளும் பிள்ளைகளுமாக வெளிச்சம் இருக்கும்போதே டென்ட்டுகளை அடித்தார்கள். சின்னவன் ஆணிகளை எண்ணிக் கொடுத்தான், களைக்கும்வரை கூழாங்கல் பொறுக்கினான், படுத்ததும் தூங்கிப்போனான். வானம் வெளுக்கிற நேரத்தில் அவனுக்கு வந்தது. அவள் ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே கையைக் கொடுத்தபடி காத்திருந்தாள். பெரியவளைக் கூப்பிட இரண்டு தடவை வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். ஒருவழியாக உடம்பு தளர்ந்து, மூச்சு சீராகி, அவன் தூங்கினான். அதன்பிறகுதான் அவள் கையை எடுத்து, நனைந்துபோயிருந்த கால்சட்டையை மாற்றினாள்.

வெயில் ஏறியபின் பெரியவள் வெளியே வந்தாள். செடிமேல் காயப்போட்டிருந்த தம்பியின் ஈரக் கால்சட்டையைப் பார்த்தாள். முகம் மாறியது.

"எப்போ?"

"விடியறப்போ. இப்ப நல்லாத்தான் இருக்கான்."

"ஏன் என்னை எழுப்பல?"

"நான் பாத்துக்கிட்டேன்மா."

"எனக்கு ஒண்ணுமே கேக்கல. அவன் அங்க துடிக்கிறான், நான் இங்க பொணம் மாதிரித் தூங்கிட்டிருக்கேன்!" தேம்பித் தேம்பி அழுதாள். அணைக்கப் போன கையைத் தட்டிவிட்டுத் தண்ணீரோரம் போய் முதுகைக் காட்டி நின்றாள். அம்மாவுக்குப் பெரியவளிடம் ஓடவேண்டும் போலிருந்தது. சின்னவனைத் தனியாக விட்டுவிட்டும் போக முடியவில்லை. டென்ட் வாசலிலேயே இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றாள்.

வெகுநேரம் கழித்துப் பெரியவள் தானாகவே திரும்பி வந்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அவன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே கேட்டாள்: "ஒருக்களிச்சுத்தானே படுக்க வெச்சே?"

"ஆமா."

"வாயில எதுவும் வைக்கலையே?"

"வைக்கலம்மா."

"சரி."

ஊர் திரும்பியதும் சின்னவனின் அறைக்கு அம்மா தன் படுக்கையை மாற்றிக்கொண்டாள். கணவன் பகல் வேலைக்குக் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. பெரியவள் கூடத்தில் படுக்கிறாள். ஆனாலும் பல நாள் விடிகாலையில் கதவோரம் வந்து நின்று எட்டிப் பார்க்கிறாள். "போய்த் தூங்குடி" என்றால் போகிறாள். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருக்கிறாள்.