அண்ணி டைரக்டரான கதை

கம்பெனி செக்ரட்டரி என்றால் டைப் அடிக்கிறவர் என்றுதான் என் சம்பந்தி வீட்டில் இன்றும் நினைக்கிறார்கள். என்னைப்போல் கம்பெனியின் சட்ட விவகாரங்களைப் பார்த்துக்கொண்டு, போர்டு மீட்டிங்கில் கொட்டாவியை அடக்கியே பிழைத்தவர்களுக்கு அந்த வலி புரியும்.

சட்டம் வந்தது

நான் வேலை பார்த்தது திண்டிவனத்தில் ஒரு கடலை எண்ணெய் மில். சின்னதுதான், ஆனாலும் பங்குச் சந்தையில் பெயர் இருந்தது. அப்படிப்பட்ட கம்பெனிகளின் போர்டில் ஒரு பெண்ணாவது டைரக்டராக இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்லிவிட்டது. சேர்மன் அருளப்பனிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். மனிதர் எகிறிவிட்டார்.

"மல்லாட்டை ஆட்றதுக்கு ஆம்பளை என்ன, பொம்பளை என்னய்யா? இந்தச் சட்டமே செல்லாது!"

விழுப்புரம் வக்கீல்

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரம் போனார். "எல்லாரும் சமம்னு அரசியல் சட்டத்துல எழுதிக்கினு, இது என்னா பேஜாரு?" என்று வக்கீலிடம் பொரிந்தார். வக்கீல் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அதே புஸ்தகத்துல, பொம்பளைங்களுக்குத் தனியா ஏற்பாடு பண்ணலாம்னும் இருக்குதுங்க. கேஸ் போடலாம், ஜெயிக்கிறதுதான் கஷ்டம்."

வாய் திறக்காதவர்

கேஸ் போட்டு முடியும்வரை அபராதம் வராமல் இருக்க வேண்டுமே! சேர்மன், காலமான தன் அண்ணனின் மனைவி செலினை டைரக்டராக்கினார். "அண்ணி வாயே தொறக்க மாட்டாங்க" என்பதுதான் அவர் சொன்ன தகுதி. முதல் மீட்டிங்கில் அண்ணி டீ குடித்தார், "சரி தம்பி" என்றார், அவ்வளவுதான். முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏங்க, மீட்டிங்ல நான் பேசலாங்களா, இல்ல சட்டத்துக்கு நான் உக்காந்தா மட்டும் போதுங்களா?"

பேசலாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பங்குதாரர் கூட்டத்திலும் பேசலாம், கணக்கும் கேட்கலாம் என்று நானே ஏற்றிவிட்டேன். அடுத்தடுத்த மீட்டிங்குகளுக்கு அண்ணி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார். அந்த நாற்காலி அவருக்குப் பிடித்துப்போனது.

ஏகமனதாக

சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடத் தீர்மானம் வந்தது. ஜெயித்தால் அண்ணியின் பதவி போய்விடும். எங்கள் வழக்கப்படி மீட்டிங்குக்கு முன்பே மினிட்ஸில் "ஏகமனதாக நிறைவேறியது" என்று அடித்து வைத்திருந்தேன். அண்ணி "எனக்குச் சம்மதமில்ல" என்றதும் அந்தத் தாளைக் கோப்புக்கு அடியில் தள்ளினேன்.

"அண்ணி, இது உங்க சீட்டு விஷயம். சம்பந்தப்பட்டவங்க ஓட்டுப் போடக் கூடாதுங்க" என்றார் சேர்மன்.

"சரி தம்பி. பொம்பளைன்றதால எனக்குச் சம்பந்தம்னா, ஆம்பளைன்றதால உங்க எல்லாருக்கும் சம்பந்தம்தானே? அப்ப யாருமே ஓட்டுப் போடாதீங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சேர்மன் அண்ணியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா பாத்துக்கினு கீறே? அந்த ஏகமனதை ஜல்தியா கிழி!"

அந்தக் கேஸ் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. சட்டம் செல்லும் என்று அண்ணியே தனி நீதிபதியாக இருந்து திண்டிவனத்திலேயே தீர்த்துவைத்துவிட்டார்.