முதல் வார்த்தை யாருக்கு?

போன செவ்வாய்க்கிழமை என் கணவர் பேசினார். என்னிடம் இல்லை!

பட்டினப்பாக்கத்தில் வாங்கிய சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து கரகரவென்று ஒரு குரல்... "தண்ணி." ஈரக் கையோடு ஓடினேன். ஜெயசீலன் நாற்காலியில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எதிரே ரேவதி, அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், கைதட்டுகிறாள்.

கோடையில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. கை மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. சாந்தோம் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசித்தவர் அவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். அந்தக் குரலுக்காகத்தான் நான் கல்யாணத்துக்கே சரி சொன்னேன்.

அப்படியானால் நான் சந்தோஷப்பட வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் வயிறு எரிந்ததே... குளிப்பாட்டுவது நான். ஊட்டிவிடுவது நான். முதல் வார்த்தை மட்டும் பாலவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் சின்னப் பெண்ணுக்கா?

ஜெபமாலைக்கு இரண்டு குரல் வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதி என்னுடையது, பின்பாதி அவருடையது. இப்போது இரண்டையும் நானே சொல்கிறேன். அவர் மணியை மட்டும் உருட்டுகிறார். என்னோடு ஒரு ஆமென்கூடக் கிடையாது.

வியாழக்கிழமை ரேவதியை லிஃப்ட் வரை கொண்டுபோய்விட்டேன். இனிமேல் வரவேண்டாம், மீதிப் பயிற்சியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாரும்மா. உன்கிட்ட மட்டும் பேசறாரு."

அவள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட தப்பா பேசினா அவருக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. உங்ககிட்ட தப்பா பேச வெக்கப்படறாரு. நீங்க உள்ள வந்தாலே வாயை மூடிக்கறாரு, பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். எப்போதும் போல வா என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரேவதியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

"தப்புத் தப்பாவாவது என்கிட்ட பேசுங்க" என்றேன். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

(இதை எழுதலாமா என்று பிறகு கேட்டேன். தலையாட்டினார்.)

ஜெபமாலையை எடுத்தோம். முன்பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். வழக்கம்போல் நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. 'பாவிகளாய்' என்று வரவேண்டிய இடத்தில், தெளிவாக, பழைய கணீர்க் குரலில் சொன்னார்...

"சாவிகளாய் இருக்கிற எங்களுக்காக..."

அவருக்கே தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். நான் திருத்தவில்லை. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கோணிய வாயோடு. மாதா கோபித்திருக்க மாட்டாள்.

கல்யாணத்தன்று பீடத்தின் முன் நின்று 'உடல்நலத்திலும் நோயிலும்' என்று வாக்குக் கொடுத்தபோது, நோய் என்றால் கஞ்சியும் மாத்திரையும்தான் என்று நினைத்திருந்தேன். ஒருவர் முன்னால் ஒருவர் தப்பாகப் பேசக் கூசாமல் இருப்பதும் அந்த வாக்கில் சேர்த்திதான் போலிருக்கிறது.

ரேவதி தொடர்ந்து வருகிறாள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால்... அவள் வரும் நாளில் மட்டும் இந்த மனுஷன் எதற்காகப் பவுடர் போட்டுக்கொண்டு உட்காருகிறார்?