கார்த்திகைக்கு ஒரு கேமரா

என் மனைவியின் நட்சத்திரம் கார்த்திகை. வானத்தில் ஆறு புள்ளிகள் கொத்தாக நிற்கும். மணமான புதிதில், அபிராமபுரம் வீட்டு மொட்டை மாடியில் அவள்தான் அதை எனக்குக் காட்டினாள். சில வருடங்களாக இருட்டில் அவளுக்கு எதுவும் தெரிவதில்லை. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் படிப்பாள்; இருட்டினால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பார்வை இனித் திரும்பாது என்று மருத்துவர் சொன்ன அன்று, ஆட்டோவில் வரும்போது, "இனிமே என் நட்சத்திரம் அர்ச்சனைக்குச் சொல்றதோட சரி" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிச்சமான திரையில் என்றால் அவளால் பார்க்க முடியும். அதற்குத்தான் கேமரா வாங்க நினைத்தேன். பாலவாக்கத்தில் மகள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் விடிகாலைக் கடலையும் அதுவே எடுக்க வேண்டும் என்றாள் அவள்.

நான் கத்தரிக்காயையே எண்ணிப் பையில் போடுகிறவன். தி. நகரில் நான்கு கடை ஏறி இறங்கினேன். இருட்டில் எடுக்க, ஒளியைப் பதிக்கும் சென்சார் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய சென்சார் என்றால் எடை கூடும். என் தோள்பட்டை வலியையும் சேர்த்து யோசித்தேன். தூரத்துப் படகைக் கிட்டே இழுக்கும் ஜூம் லென்ஸ் மேல் ஆசை வந்தது. அது இருட்டில் போதுமான ஒளியை வாங்காது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். கடலும் வானமும் ஒரே படத்தில் அடங்கும்படி, அகலமாகப் பார்க்கிற, நிறைய ஒளி வாங்குகிற ஒரே லென்ஸ் போதும் என்று முடிவுக்கு வந்தேன்.

நான்காவது கடைக்காரர் பொறுமைசாலி. "வாங்க சார், இன்னைக்காச்சும் வாங்குவீங்களா, இல்ல பட்டனெல்லாம் இன்னொரு தபா எண்ணிக்கினு போவீங்களா?" என்றார். வாங்கினேன். லென்ஸுக்கு முன்னால் ஒரு காப்புக் கண்ணாடியைத் திருகி மாட்டினார்.

"நடுவில் எதற்கு இன்னொரு கண்ணாடி?"

"கடல்காத்து சார், உப்பு கீது. இருக்கட்டும்."

எவ்வளவு மறுத்தும் கழற்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் பாலவாக்கம் கிளம்பும்போது, "புதுசா வந்ததைப் பொட்டு வைக்காம எடுத்துண்டு போகப்படாது" என்று மனைவி கேமராவை சுவாமி அலமாரிக்கு எடுத்துப் போனாள். பேட்டரி போதுமா என்ற கவலையில் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூடியைப் போட்டு அவளே பையில் வைத்துவிட்டாள்.

இருட்டியதும் மகள் வீட்டு மாடியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மூடியைத் தடவிக் கழற்றினேன். ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைத்து எடுத்தேன். கார்த்திகை இருக்க வேண்டிய இடத்தில் பால் சிந்தினாற்போல் மங்கல். ஐந்து முறை எடுத்தும் அப்படியே.

"தப்பான கேமராவை வாங்கித் தொலைச்சுட்டேன்."

"ஏன்னா, கொஞ்சம் இருங்கோ. நான் வெச்ச பொட்டு எங்க இருக்கு பாருங்கோ."

"எங்கே வைத்தாய்?"

"முகத்துலதான். அதுக்கு முகம் அந்தக் கண்ணாடிதானே?"

கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். நடுக்கண்ணாடியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். திட்ட வாயெடுத்தவன், கடைக்காரர் நினைவு வந்து காப்புக் கண்ணாடியைத் திருகினேன். அது கையோடு வந்தது. உள்ளே லென்ஸ் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டேன்.

மறுபடியும் பத்து விநாடி. படத்தைப் பெரிதாக்கி அவள் முன் பிடித்தேன். திரைமேல் விரல் வைத்து எண்ணினாள். ஆறுக்குப் பிறகும் விரல் நிற்கவில்லை.

"ஏன்னா, இன்னும் ரெண்டு இருக்கே! இத்தனை வருஷமா ஆறுன்னுதானே நெனச்சிண்டிருந்தோம்?"

"நீயே சரியாக எண்ணு."

முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். காலையில் கடலை எடுக்கப் பேட்டரி மிச்சமிருக்குமா என்ற கவலை எனக்கு இருந்தது. ஆனாலும் திரையை அணைக்காமல் பிடித்திருந்தேன்.