வெள்ளைக்காரனுக்கும் மகனுக்கும் நடுவில்

இல்ஃபோர்ட்டில் வாடகைக் கார் விடுகிற மினிகாப் கந்தோர் போட்டது நான். லண்டன் முழுக்கச் சாமான் ஏற்றி இறக்க வான்களை விட்டது நான். கோவில் தேருக்கும் ஊர்ப்பட்ட கலியாணங்களுக்கும் சனத்தை ஏற்றிப் போகிற கோச்சுகளை வாங்கி ஓட்டியதும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாதவன் செய்த வேலை இது. வங்கிக்காரன் சிரித்தான். சொந்தக்காரரும் சிரித்தார்கள். பிறகு அவர்களே தங்கள் பிள்ளைகளுக்கு என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள்.

கோச்சுகள் நிற்கிற யார்ட்டையும் நான்தான் வாங்கினேன். விக்டோரியா ராணி காலத்தில் அது குதிரை லாயம். ஒரு வெள்ளைக்காரன் ஒற்றைக் குதிரையில் நிலக்கரி ஏற்றத் தொடங்கி, பிறகு குதிரை பஸ் விட்டு, பேரப்பிள்ளைகளும் இருந்து தின்னச் சொத்துச் சேர்த்த இடம். வாசல் வளைவில் அவன் பெயர் வெட்டிய கல் இருந்தது. வாசலை அகலமாக்க வந்த நம்மவர்கள் அதை உடைக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

"பாடுபட்ட மனுசன்ரை பேர். கவனமாய்க் கழட்டித் திருப்பி வையுங்கோ."

போன மாதம், இப்போது தொழிலை நடத்துகிற மகன் கந்தோரைப் புதுப்பித்து, நிறுவனத்தின் வரலாறு என்று இங்கிலிசில் பெரிய பலகை ஒன்று மாட்டினான். பேத்தியை வாசிக்கச் சொன்னேன். முதலில் அந்த வெள்ளைக்காரன், தாடியும் குதிரையுமாக. அடுத்தது கோட் போட்ட என் மகன்.

"அவ்வளவுதான், அப்பப்பா" என்றாள்.

மகனிடம் போனேன்.

"நான் எங்கையடா இதிலை?"

"பழைய வெள்ளைக்காரன்ரை கதை எண்டால்தான் கஸ்டமருக்குப் பிடிக்கும், அப்பா. உங்களை நாங்கள் மனசிலை வைச்சிருக்கிறம்தானே."

"மனசிலை இருக்கிறதை ஆரடா வாசிக்கிறது?"

"சுவரிலை போட்டாலும் உங்களுக்கு வாசிக்கத் தெரியாதே, அப்பா" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து யார்ட்டுக்குப் போகவில்லை. போய் என்ன செய்ய? முதல் வானில் பக்கத்தில் இருந்து, தெருப் பெயர்களை வாசித்து எனக்கு வழி சொன்ன மனைவியும் இப்போது இல்லை. இருந்தால் அவளாவது சாட்சி சொல்லியிருப்பாள். நானும் கண்ணை மூடினால், அந்தக் கல்லைக் காப்பாற்றியவன் யார் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

மகனே, அந்த வெள்ளைக்காரனைப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அவனும் உழைத்தவன். அவனுக்கும் உனக்கும் நடுவில் என் பெயரைப் போடு, உன் அம்மாவின் பெயரையும் போடு. இதைக் கட்டியவர்கள் இவர்கள் என்று எழுது. தமிழில் எழுது. அதை நானே வாசிக்க வேண்டும்.