சாரம் கட்ட விடாத மருந்து

காலடிப்பேட்டை எத்திராஜ் இருபத்திரண்டு வருஷமாகச் சாரம் கட்டினவர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை எந்தப் புகைபோக்கிக்கு வெள்ளையடிப்பதானாலும் சவுக்குக் கட்டையும் தேங்காய் நார்க் கயிறுமாக முதலில் போய் நிற்பது அவருடைய ஆட்கள்தான். அவர் கட்டியது எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. வேலை முடிந்ததும் அவரே அவிழ்த்துவிடுவார். நூறு வருஷம் நிற்கட்டும் என்று கட்டிய சுவர்களெல்லாம் விரிசல் விட்டிருக்க, தான் கட்டியதில் ஒன்றுகூடச் சரிந்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு.

அவர்கள் ஆறு பேருக்கும் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கட்டினவன்தான் முதலில் ஏற வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் நின்று மூன்று தடவை குதிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பெயிண்டர் கால் வைப்பான்.

எழுபத்திரண்டாம் வருஷக் கடைசியில் எத்திராஜின் கழுத்தோரம் ஒரு கட்டி கிளம்பியது. நெல்லிக்காய் அளவில் இருந்தவரை துண்டு போட்டு மறைத்தார். எலுமிச்சை அளவுக்கு வந்ததும் மங்கம்மா துண்டைப் பிடுங்கிக்கொண்டு புருஷனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். புற்று என்றார்கள். விட்டால் அக்குளுக்கும் வயிற்றுக்கும் பரவும், வாரம் ஒரு ஊசி போட்டால் தடுக்கலாம் என்றார்கள்.

என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்துக்கொண்ட டாக்டர், மருந்தை அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தனக்குள்ளேயே ஒரு சாரம் கட்டிக்கொள்ளுமாம். புரதம்தான் அதற்குக் கட்டை. பிரிந்து முடிந்ததும் அதுவே அவிழ்த்துவிடுமாம். புற்றுநோய் செல் ஓயாமல் கட்டுகிறது, ஓயாமல் பிரிகிறது. இந்த மருந்து கட்டையோடு கட்டை சேர விடாது. சாரம் இல்லையென்றால் பிரிய முடியாது. செல் அப்படியே மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.

எத்திராஜ் யோசித்துவிட்டு, "அப்ப எங்க தொழிலுக்கே வெசம் வெச்ச மாரிகீது, டாக்டரய்யா" என்றார்.

மருந்து எடுப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மங்கம்மா அதைச் சுடுகாட்டு மல்லி என்பாள். வாசலில் தானாக முளைத்தாலும் பிடுங்கி எறிவாள். சாமி படத்துக்குக்கூட ஆகாத பூவின் சத்தைப் புருஷன் நரம்பில் ஏற்றுவதற்காக, செவ்வாய் தவறாமல் அவளே பஸ் ஏற்றி அனுப்பினாள்.

இரண்டு மாதத்தில் கட்டி வற்றியது. கூடவே விரல்களும் போயின. முதலில் பீடி நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான் அகப்படவில்லை. நரம்புக்குள்ளும் அதே புரதக் கட்டைகள்தான் நீள நீளமாக ஓடுகின்றன, மருந்துக்கு நல்ல சாரம் கெட்ட சாரம் என்ற பேதம் கிடையாது என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். விரல் மரத்தால் உடனே சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார். எத்திராஜ் சொல்லவில்லை. சொன்னால் ஊசி குறையும். கூட இருப்பவர்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் கயிற்றைத் தொட விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கை நன்றாக இருப்பதாகவும், வேலையிடத்தில் உடம்பு நன்றாக இருப்பதாகவும் பொய் சொல்லிக்கொண்டு, இரண்டு இடத்திலும் நல்லபடியாக இருந்தார்.

கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கப் பழகினார். தாடையும் வலிக்க ஆரம்பித்தது. தட்டில் ஏறிக் குதித்தால் பலகை பாதத்துக்குத் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டார்.

கடைசியில் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஊசியை நிறுத்தினால் விரல் திரும்பிவிடும். மங்கம்மா ஏற்றிவிட்ட பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, எண்ணூர் பஸ் பிடித்து வேலைக்கே போனார். இப்படி மூன்று செவ்வாய். விரல் திரும்பவில்லை. கட்டிதான் திரும்பியது.

நாலாவது செவ்வாய் கழுத்து வலியில் படுக்க முடியாமல், மங்கம்மா எழும் முன்பே கிளம்பி, முதல் ஆளாகப் புகைபோக்கியடிக்கு வந்து சேர்ந்தார். மற்ற நாட்களில் பெயிண்டர்கள் காத்திருக்க நேராக ஏறிவிடுபவர், இன்று முந்தின நாள் தான் கட்டிய சாரத்தைச் சுற்றி வந்து முடிச்சுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முடிச்சுகளின் வால் இடப்பக்கம் தொங்கியது. நாலு தட்டிலும் அப்படித்தான். அவர் கட்டினால் வால் வலப்பக்கம் விழும். ஆறு பேரில் பீச்சாங்கைக்காரன் ஒருவன்தான், அத்தாவுல்லா.

அத்தாவுல்லா வந்ததும் கேட்டார். அவன் மறைக்கவில்லை.

"ரெண்டு மாசமா நான்தான் அவுத்து அவுத்துக் கட்டிகினு கீறேன், அண்ணாத்தே. நீ வூட்டுக்குப் போன அப்பால. எவனுக்கும் தெரியாது."

"நான் ஏறிக் குதிச்சதெல்லாம்?"

"என் முடிச்சு மேலதான். அதுக்கின்னா இப்போ? உயுந்தியா? நீ பாட்டுக்கு ஊசி போட்டுக்க, நான் பாட்டுக்குக் கட்டறேன். பேர் உன்தாவே இருக்கட்டும்."

விழுந்திருந்தால்கூட எத்திராஜ் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டார். இன்னொருவன் கட்டியதன்மேல், கட்டினவன் என்ற பெயரில், இரண்டு மாதமாகக் குதித்திருக்கிறார். அத்தாவுல்லா சொன்ன வழியில் குறை ஒன்றுமில்லை. வேலையும் இருக்கும், ஊசியும் இருக்கும். செத்த விரலோடு தினமும் ஏறி, தன்னுடையதல்லாத முடிச்சைத் தன்னுடையது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் வந்தார்கள். பெயிண்டர்கள் வாளியோடு காத்திருந்தார்கள். வழக்கப்படி எல்லோரும் எத்திராஜைப் பார்த்தார்கள். அவர் கீழ்க் கட்டையைப் பிடித்தார். பிடித்திருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. கையை எடுத்துவிட்டார்.

"இத்த கட்டுனது அத்தாவுல்லா. அவன் ஏறட்டும்."

அத்தாவுல்லா, "கெட்த்தியே அண்ணாத்தே" என்று முனகிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். எத்திராஜ் பார்க்க நிற்காமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

மூன்று வாரம் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். விரல் திரும்புமா என்று பார்த்ததாக எத்திராஜ் உண்மையைச் சொன்னார். டாக்டர் அவர் விரல் நுனியில் ஊசி முனையை வைத்து அழுத்தினார். எத்திராஜ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் திரும்ப மாசக்கணக்காகும், முழுசாத் திரும்பாமலும் போகலாம். கட்டி அதுவரைக்கும் காத்திருக்காது. அளவைக் குறைச்சுப் போடறேன், நிறுத்த முடியாது. சம்மதமா?"

எத்திராஜ் கையை நீட்டினார். முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்க்க முயன்றார்; வரவில்லை. பல்லுக்குக் கொண்டுபோகப் பார்த்தவர் பாதியில் விட்டுவிட்டார். நர்ஸ் குனிந்து அவிழ்த்தாள்.

அத்தாவுல்லா இந்நேரம் மேல்தட்டில் குதித்து முடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். பீச்சாங்கை முடிச்சுதான். தாங்கும்.