பட்டை போட்ட சிவிங்கி

தறியில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரியும்படி அண்ணன் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்தது. உயர்ந்த புல்லுக்கு நடுவே ஒரு சிவிங்கிப்புலி நின்றது. கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல் கறுப்புக் கோடு. ஆனால் உடம்பில் வழக்கமான புள்ளிகள் இல்லை. அவை ஒன்றோடொன்று கலந்து முதுகில் பட்டைகளாக ஓடின. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பள்ளி ஆசிரியையான நான்தான் படத்தின் அடியில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்: ஆப்பிரிக்கக் காட்டில் மிக அரிதாகப் பிறப்பது, இதுவும் சிவிங்கிதான், மேல்கோலம் மட்டும் வேறு. நம் காடுகளில் சிவிங்கி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றும் சொன்னேன். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் வேலைக்குப் போகும்போது நான்கு வயது மகளைப் பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டில்தான் விடுவேன். தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பாரும்மா, புள்ளிப் புட்டாவெல்லாம் ஒட்டிக்கினு ஓடுது. அதுக்காவ வேற மிருகமா? எழ தப்புனா சேல வேற சேல ஆயிடுமா?" என்பார் அண்ணன். "ராஜாங்க இத நாய் மாரி கூட்டிக்கினு போவாங்களாம். மனுசன ஒண்ணும் பண்ணாது." அண்ணி உள்ளிருந்து, "சேலைய விட்டுட்டு புலிக்குப் பொட்டு வெச்சிக்கினு இருங்க, சோறு அது போடும்" என்பார்.

அந்த வருடம் ஊருக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. ஆட்டத்துக்கு முன் கூண்டுகளைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். அண்ணன் தோளிலிருந்து இறங்கிய மகள் ஒரு கூண்டின் முன் நின்றாள். உள்ளே இருந்தது சிறுத்தை. கண்ணீர்க் கோடு இல்லை. புள்ளிகள் வளையம் வளையமாக இருந்தன. "மாமா, இதுவும் சிவிங்கிதான். புட்டாதான் வேற" என்றாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் கை கம்பிக்குள் போய்விட்டது. அண்ணன் அதைத் தட்டிவிட்டார். அந்த வேகத்தில் அவர் கை உள்ளே போனது. நான் குழந்தையின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். அவள் எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. அறுந்த பட்டிழையை முடிச்சுப்போட அந்த விரல்கள்தான் வேண்டும். அதன்பின் அவர் மற்றவர்களின் தறிக்கு நூல் சுற்றித்தான் பிழைத்தார். படத்தைக் கிழிக்கப் போனேன். "அது என்னா பண்ணுச்சு, உடு" என்றார். "பாப்பாவுக்குத் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா என் கையப் பாக்கறப்பெல்லாம் அழுவா." கரும்புச்சாறு பிழியும் மிஷினில் கை மாட்டிக்கொண்டதாகச் சொல்லி அவளை வளர்த்தோம். இன்றுவரை அவள் கரும்புச்சாறு குடிப்பதில்லை.

இப்போது அவளுக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் சிவிங்கிகளைப் பின்தொடர்ந்து ஆராயும் வேலை. புறப்படுமுன் மாமாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கரும்பு மிஷின் இல்லாத ஊருக்குத்தான் போறேன் மாமா, பயப்படாத" என்றாள். அவர் சிரித்தார். சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயெடுத்தேன். அவள் தலைக்கு மேலாக அண்ணன் என்னைப் பார்த்தார். அவள் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன்.

எப்போதாவது போன் வருகிறது. பட்டை போட்டதை இன்னும் பார்க்கவில்லையாம். வண்டியைவிட்டு இறங்க மாட்டோம் என்கிறாள். எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, "கை நல்லாருக்குதா?" என்று கேட்டுவிடுகிறேன். "எல்லா அம்மாவும் ஒடம்பு நல்லாருக்குதான்னு கேப்பாங்க, நீ என்னம்மா கையக் கேக்கற" என்று சிரிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் அண்ணன் சிரிப்பதில்லை. அவள் என்ன பதில் சொன்னாள் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொள்கிறார்.